சுருங்கியது துணியில்லை

செவ்வாய், ராத்திரி

துவைத்து வந்த சாம்பிள் டி-ஷர்ட் உயரத்தில் ஒரு இன்ச் குறைந்திருந்தது. எங்கள் கம்பெனியில் எது குறைந்தாலும் பழி துணிமேல்தான். துணி சுருங்காமல் பதமாக்கித் தரும் காம்பாக்டிங் பட்டறைக்கு முதலாளி ஸ்பீக்கரில் போன் போட்டுச் சத்தம் போட்டார்.

"சரியாத்தானுங்க ஓட்டினோம். எதுக்கும் மெஷினைப் பிரிச்சுப் பாத்தர்றேனுங்க" என்றார் பட்டறைச் செந்திலண்ணன்.

எனக்கென்னவோ, துணியை வெட்ட மேலே வைக்கும் பேட்டர்ன் காகிதத்தை அளக்கத் தோன்றியது. காகிதமே ஒரு இன்ச் குறைவு! நேற்று என் விண்டோஸ் அப்டேட்டில் சுற்றிக்கொண்டே இருந்ததால், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கவிதாதான் தன் மேக்கில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள்.

அதே பிடிஎஃப் ஃபைலை எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரிண்ட் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். விண்டோஸில் சரியாக வந்தது. அக்கவுண்ட்ஸ் ரூமில் கிடக்கும் லினக்ஸ் பெட்டியிலும் சரி. அதில் எங்கள் பேட்டர்ன் சாஃப்ட்வேர் ஓடாது, ஆனால் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. கலர் பார்க்க மேக்தான் அருமை. ஆனால் தாளுக்குள் அடங்கட்டும் என்று அதுவாகவே அளவைச் சுருக்கிவிட்டிருக்கிறது. மேக் கேட்காமலே உதவுகிறது, விண்டோஸ் கேட்காமலே அப்டேட் போடுகிறது, லினக்ஸ் கெஞ்சினாலும் அசைவதில்லை. இதில் எது பரவாயில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாளியிடம் காட்டினேன். "அட, காயிதமா! செரி கண்ணு, புதுசா வெட்டச் சொல்லிரு" என்று கிளம்பிவிட்டார்.

எழுதும்போதுதான் உறைக்கிறது. செந்திலண்ணனுக்கு யாருமே திரும்பப் போன் போடவில்லை. நல்லா இருக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டு, இல்லாத கோளாறை அவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்.