பாப்பா ஜன்னல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், இடது முட்டிக்கு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை அலமாரிக்குப் போடாமல் உடம்புக்குப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக அதைத்தானே செய்தாய் என்பாய். அது வேறு பேச்சு பாப்பா, இது வேறு.

முதலில் கடைக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீயே சிரிப்பாய், நானும் சிரித்தேன். போன மாதம் ஒரு காலையில் அப்பா நம் துரையை, அதாவது நீ 'அந்தப் பழைய இரும்பு' என்று திட்டுகிற இங்கிலாந்துக் காரை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போனார். வரும்போது பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். வியர்த்து வழிந்தது, ஆனால் முகமெல்லாம் சந்தோஷம். "நம்ம துரை மாதிரியே ஒரு வண்டி கடை வாசல்ல நிக்குதுடி, அதே பச்சை, மட்கார்டுல அதே பள்ளம்! எவன்னு தெரியல, என்னை மாதிரியே ஒரு பைத்தியம்!" என்றார். நான் கொட்டகையை எட்டிப் பார்த்தேன், ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க வைத்த தட்டு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து, "அந்தப் பைத்தியத்தோட பொண்டாட்டிய நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றேன். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் போன் பண்ணி, "அக்கா, சார் வண்டிய விட்டுட்டுப் போயிட்டாரு, சரக்கு இறக்க வழியில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் போய் ஓட்டிவந்தேன். எதிலும் இடிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம் போன வாரம், நீ அனுப்பிவைத்த அந்தப் பழைய கார் வாங்குகிறவர் வந்தார். பளபளவென்று வெள்ளை ஷூ, ஆனால் மனுஷன் கூச்சமே இல்லாமல் கோணியை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிட்டார். பல் பார்க்கிற மாதிரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, டேஷ்போர்டு மரப்பலகைகூட கீறல் இல்லாம இருக்கு, ஆனா டிரைவர் சீட்டுக்குக் கீழ தகரம் துருப்பிடிச்சு ரோடு தெரியுதே சார் என்றார். "காத்தோட்டத்துக்கு" என்றார் அப்பா. எழுந்து தூசி தட்டிக்கொண்டு, வண்டி யார் யார் கை மாறி வந்தது என்று கேட்டார் அவர். அந்தக் கேள்விக்காகத்தானே உன் அப்பா காரே வைத்திருக்கிறார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். முதலில் டாக்டர், அவசரக்காரர், பின் சீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு காலாலேயே கதவைச் சாத்திச் சாத்திக் கீல் தொங்கிப்போய் இன்றைக்கும் தூக்கித்தான் சாத்த வேண்டும், அது டாக்டர் கதவு. அடுத்து வக்கீல், மதில்மேல் மோதிவிட்டு மதில்தான் வழி விடவில்லை என்று வாதாடியவர், மட்கார்டில் இருப்பது வக்கீல் பள்ளம். மூன்றாவது பாட்டு டீச்சர், குள்ளம், சீட்டை முன்னால் தள்ளி நகராதபடி போல்ட் போட்டு இறுக்கிவிட்டார், அந்த டீச்சர் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அப்பாவின் முட்டியும் ஸ்டியரிங்கும் சம்பந்திகள் ஆனது. இதற்கப்புறம் என்ன வரும் என்று உனக்கே தெரியும், "நாலாவது நான், பின்னாடி நசுங்கியிருக்கிறது அம்மா பம்பர், அவ வண்டி பழகினப்ப வீட்டு கேட்டு குறுக்க வந்துடுச்சு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நானும் முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். வரவில்லை. டீச்சருக்கு அப்புறம் யார் என்று வாங்க வந்தவர் எடுத்துக் கொடுத்தார். "தெரியலையே. கொஞ்சம் உட்காருங்க, ஓனர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார் அப்பா. சார் பிரமாதமா ஜோக் அடிக்கிறாரு என்று ஷூக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், கூடவே நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை பாப்பா. ஓனரை இன்னும் காணோமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டர், சொல்லுங்க ஐயா, என்ன பண்ணுது என்று அன்பாகத்தான் கேட்டார். "கதவை ஏன் சார் காலால சாத்தினீங்க? இன்னும் தொங்குது" என்றார் அப்பா. அவர் பாவம் எழுந்து போய்த் தன் அறைக் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் ஒரே கைக்குட்டைதான். ஸ்கேன் எடுத்து, என்னென்னவோ கேட்டுப் பார்த்துவிட்டு, மறதி நோயின் ஆரம்பம்தான் என்று சொல்லிவிட்டார். மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்குமாம், வந்த வழியே திருப்பி அனுப்பாதாம். இனி வண்டி ஓட்டக் கூடாது, ஆனால் பழகின பொருள் எதையும் கண்ணிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்றார். சாவி இப்போது என் தையல் பெட்டியில், ஊசிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓட்டத்தான் கூடாது, உட்காரலாமே என்று அப்பா தினமும் சாயங்காலம் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார், எங்கேயோ யாரோ கூட்டிக்கொண்டு போகப்போகிற மாதிரி.

நேற்று நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பரீட்சை வைக்கிறேன் என்று தெரியாதபடி ஒவ்வொன்றாகக் காட்டினேன். டாக்டர் கதவு என்றார், வக்கீல் பள்ளம் என்றார், அம்மா பம்பர் என்றும் சொன்னார். எந்த அம்மா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அவராகவே கைப்பிடி இல்லாத ஜன்னலைத் தடவி, "இது பாப்பா ஜன்னல்" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஐஸ்காரரைக் கூப்பிடுகிற அவசரத்தில் நீ தலைகீழாகத் திருகி, கைப்பிடியைக் கையோடு கழற்றிக்கொண்டு முழித்தாயே, அந்த ஜன்னல். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, "இந்தப் பாப்பாங்கறவங்க எத்தனாவது ஓனர்? வண்டிய எத்தனை வருஷம் வச்சிருந்தாங்க?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? இன்னும் அவங்க பேர்லதான் இருக்கு, வெளியூர்ல இருக்காங்க என்றேன். "அப்ப அவங்க வராம எப்படி விக்கிறது? அந்த ஷூக்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். சொல்லிடுங்க. கல்யாணமான நாளிலிருந்து வாய் நிறைய 'டி' போட்டே கூப்பிட்ட மனுஷன். எனக்கு மரியாதை தெரியாத ஆளைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன், கடைசியில் மரியாதை வந்து சேர்ந்தது, எனக்கு அது வேண்டாம் பாப்பா.

ஷூக்காரரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். நீயும் இனிமேல் விற்கிற பேச்சை எடுக்காதே. மெக்கானிக் வந்து தரையில் புதுத் தகரம் வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார், ஓட்டுவதற்கு இல்லை, ஏறி இறங்கும்போது அப்பாவின் கால் ஓட்டையில் போகக் கூடாதே அதற்காக. நீ ஒரு தடவை கிளம்பி வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் சேர்ந்து வாருங்கள், கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா, தள்ளிப்போடாதே. வந்ததும், அப்பா நான் யார் சொல்லுங்க என்று கேட்டு அவரைத் திணறவைக்காதே. நேராகக் கொட்டகைக்குப் போய், பின் சீட்டில் அவர் பக்கத்தில் உன் ஜன்னலோரமாக ஏறி உட்கார். நீங்க யாரு என்று அவரே கேட்பார். அழாமல், ஓனர் என்று சொல். அவர் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் பேரை ஒருவர் மறக்காமல், சண்டை போட்டுக்கொண்டாவது, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஏறினதும் டாக்டர் கதவைத் தூக்கிச் சாத்த மறந்துவிடாதே.

உன் அம்மா
(பின் பம்பர் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது)