ஐந்தாவது ஆளின் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? மலேசியா வந்து, இந்தக் கிள்ளானில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கம்பெனி பேஸ்பால் அணியில் ஞாயிறுதோறும் ஒருவர் முறைவைத்துப் பந்து எறிவார். நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவதாக என்னைச் சேர்த்துவிட்டார்கள். பௌலிங் போடாமல் எறிகிறான் என்று நம்மூர் கிரிக்கெட்டில் விரட்டிய அதே கையை இங்கே புகழ்கிறார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம். கூட வேலை செய்யும் பிரவின் என்னைவிட வேகமாக எறிவான். அவனைச் சேரச் சொன்னதற்கு, “கை வலிக்குதுண்ணே, நீங்களே போடுங்க லா” என்றான். மறுநாள் அதே கையால் லோரியில் பெட்டி ஏற்றினான்.

பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். ஐந்தாவது ஆளின் முறை தீபாவளியன்று வருகிறது. மற்றவர்களுக்கெல்லாம் இங்கே வீடு இருக்கிறது.

கோபமெல்லாம் இல்லை. தோளுக்குத் தடவத் தைலம் அனுப்புங்கள். தீபாவளியன்று காலையில் ஆட்டத்துக்கு முன்னால் கூப்பிட்டு, வெடிச் சத்தம் கேட்கும்படி போனை வாசலில் வையுங்கள். நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது.

முத்துவீரன்