டீக் ஹை சாப்

காலையில் ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் அதட்டல் காதில் விழுந்தது: "போர்டுக்குப் போறியா, பரேடுக்குப் போறியா?" டப்பாவை மூடிவிட்டுப் பழைய செருப்பை மாட்டிக்கொண்டேன். மனசு கெட்டுப்போனதற்கு எனக்கு டிஸபிலிட்டி பென்ஷன் உண்டா என்று ராணுவ டாக்டர்கள் மெடிக்கல் போர்டு கூடிப் பார்க்கும் நாள் இன்று. நீ போய் எட்டு மாதம் ஆகிறது மச்சான்.

மலைப்பாதையில் முன்னால் போன வண்டி வெடித்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. ஓய்வு பெற்று நீ படப்பைக்கும் நான் சேலையூருக்கும் வந்து சேர்ந்தோம். தீபாவளிக்கு நான் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்ததை என் மனைவி உன்னிடம்தான் முதலில் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. "நானும் பாத்ரூம்ல கதவ சாத்திக்கினு தான் இருந்தேன்" என்றாய். இத்தனை வருஷம் என்னிடமே மறைத்தாயே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

எனக்கு முன்பே நீ போர்டுக்குப் போய் வந்தவன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, முகம் பார்க்கலாம் போல ஷூ. எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் இந்தியில் கேட்டதும் குதிகால் இரண்டையும் சேர்த்து "டீக் ஹை சாப்" என்றாயாம். தூக்கம்? டீக் ஹை சாப். கோபம்? அதுவும் டீக் ஹை. பட்டாளத்தில் சேர்ந்த முதல் வாரம் நமக்குத் தெரிந்த ஒரே இந்தி அதுதானே. நல்லா இருக்கேன் என்பதைக் கால் உடைந்தவன்கூட அப்படித்தான் சொன்னான். உனக்கு ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்பீல் பண்ணச் சொன்னேன். "நானே நல்லா கீறேன்னு சொல்ட்டு வந்துட்டேன். இன்னா மூஞ்ச வெச்சுக்கினு திருப்பிப் போறது?" என்று மறுத்துவிட்டாய். பிடிவாதக்காரன்.

நான் மனுப் போட்டபோது மட்டும் நீ விடவில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, என் மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டராக உட்காருவாய். இந்தியில் கேள்வி கேட்பாய். நான் எழுந்து நின்று டீக் ஹை சாப் என்பேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய். நான் என்றைக்குச் சாப்பிடவில்லை, எதற்குக் கத்தினேன் என்று என் மனைவி பார்த்ததையெல்லாம் அவளையே ஒரு நோட்டில் எழுதவைத்தாய். மூன்றாம் ஞாயிறு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாய்:

"இந்தில கேட்டா உனுக்கு இந்திலயே பொய் வந்துரும்டா. தமிழ்ல சொல்லு."

அடுத்த ஞாயிறு உன்னைப் பார்க்க நான் படப்பைக்கு வரவேண்டியதாகிவிட்டது. மாரடைப்பு என்றார்கள். மாலையோடு நின்றவனுக்கு அழக்கூடத் தெரியவில்லை.

இன்று டாக்டர் ஒரு பெண்மணி, வடக்கத்திக்காரர். எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தியில் தணிவாகத்தான் கேட்டார். என் குதிகால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. அந்தப் பாழாய்ப்போன வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். பக்கத்திலிருந்த நாகர்கோவில் நர்ஸ், தான் இந்தியில் சொல்வதாகத் தலையசைத்தார்.

"நல்லா இல்ல மேடம்" என்றேன்.

அதைச் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நோட்டைக் கொடுத்தேன். நர்ஸ் ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்ல, டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். வண்டி வெடித்தபோது பக்கத்தில் யார் இருந்தது என்றார். உன் பெயரைச் சொன்னேன். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

செத்துப்போய்விட்டான் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"அவனும் நல்லா இல்ல மேடம். சொல்லத்தான் அவனுக்கு வரல."

நர்ஸ் அதையும் இந்தியில் சொன்னார். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார். முடிவு தபாலில் வருமாம், வரும்போது வரட்டும். நீ சொல்லாமல் விட்டதை உனக்காக நான் சொல்லிவிட்டேன் மச்சான், தமிழில்.