சாம்பலில் கிடைத்த எண்

மோதெனா
16 நவம்பர் 1988, இரவு

அன்புள்ள ஃபுல்வியா அம்மாவுக்கு,

எர்மெஸ் மலகோலியின் மகள் நிவெஸ் எழுதுகிறேன். அப்பாவின் பட்டறையில் பழுதுபார்க்க விட்டிருந்த உங்கள் பழைய சிவப்புக் காரைப் பார்க்க வந்தபோது என்னை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து, "ஹாரனை மட்டும் தொடாதே, அது என் வீட்டுக்காரர் மாதிரி, ஆரம்பிச்சா நிறுத்தாது" என்றீர்களே, அந்தப் பெண்தான். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் தந்தி வந்திருக்கும். "பட்டறை எரிந்தது. வண்டி போயிற்று. எதுவும் மிஞ்சவில்லை. மன்னியுங்கள்." அனுப்பிய அன்று அது உண்மை. இப்போது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கூரையில் போன பழைய மின்கம்பியில் தீ பிடித்ததாம். பெயின்ட் டின்கள் வெடித்த சத்தத்தில்தான் நாங்கள் விழித்தோம். உள்ளே உங்கள் வண்டி, பொலோனா டாக்டரின் வெள்ளி நிற வண்டி, இன்னொரு நீல வண்டி. உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று அப்பா பூட்டும்போதெல்லாம் சொல்வார். தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்தார்கள். "சக்கரம் மக்னீசியம்யா! ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க!" என்று அப்பா கத்தினார். யாரும் கேட்கவில்லை. தண்ணீர் பட்டதும் சக்கரங்கள் பார்க்க முடியாத வெள்ளையில் எரிந்தன. விடிந்தபோது உங்கள் வண்டியின் அலுமினிய உடம்பு உருகி ஓடி, தரையில் குட்டைபோல உறைந்து கிடந்தது.

பிறகு அப்பா சாம்பலைக் கிளறினார். அடிச்சட்டத்தின் ஒரு துண்டு கிடைத்தது, உள்ளங்கை அளவு. அதில் உங்கள் வண்டியின் எண். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த எண் இருந்தால் வண்டி இன்னும் இருப்பதாகக் கணக்கு. அதைச் சுற்றிப் புதிதாக எதைக் கட்டினாலும் பழைய வண்டி என்றே விற்றுவிடலாம்.

அது மிலானோ வியாபாரி ப்ருசாத்தியின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. பட்டறைக் கடனுக்கு எங்கள் வீடு அடமானத்தில் இருப்பதும் அவருக்குத் தெரியும். தினமும் வருகிறார். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"மேஸ்திரி, அந்தக் கிழவிக்கு எல்லாம் போச்சுன்னு நீயே தந்தி குடுத்துட்டே. அப்புறம் என்ன?"

"அது அவங்க வண்டிங்க."

"எது வண்டி? இந்தத் துண்டா? உன் வீடு ஏலத்துக்குப் போறப்ப அவ வந்து நிப்பாளா? நீ கட்டு, நான் விக்கிறேன். உன் கைக்கு நிகர் யாரு?"

அப்பா முதல் நாள் "வெளிய போங்க" என்றார். நேற்று "யோசிக்கிறேன்" என்றார்.

அதனால் அந்தத் துண்டை எடுத்து என் பழைய பூட்ஸுக்குள் ஒளித்துவைத்துவிட்டேன். அப்பா வீடு முழுக்கத் தேடுகிறார். என்னைக் கேட்கவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அவரைப் போலீஸ் பிடிக்குமா? அம்மாவிடம் சொல்ல முடியாது, ஏற்கெனவே தூங்குவதில்லை. நான் என்ன செய்யட்டும்? பதிலை ரொட்டிக்கடை முகவரிக்கு அனுப்புங்கள், அங்கே வேலை செய்யும் இனெஸ் அக்கா வாங்கித் தருவார்.

உங்கள்
நிவெஸ்


திரியெஸ்தே
21 நவம்பர்

நிவெஸ் கண்ணுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்தேன். போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரர் லிவியோ அந்த வண்டிக்குச் செலவழித்த நேரத்தில் கால்வாசியை எனக்குத் தந்திருந்தால் நான் பத்து வயது இளையவளாக இருந்திருப்பேன். ஆனாலும் அது எரிந்த விதத்தை நீ எழுதியது நல்லது. தந்தியில் ஒன்றுமே தெரியவில்லை.

துண்டை எனக்குத் தபாலில் அனுப்பிவிடலாமா என்று யோசித்திருப்பாய். அனுப்பாதே. ஒரு பிள்ளையின் பூட்ஸுக்குள்ளிருந்து அது எனக்கு வேண்டாம். உன் அப்பா கையால் வரட்டும். இல்லாவிட்டால் வரவே வேண்டாம். எடுத்த இடத்தில் வைத்துவிடு. அவர் விற்றால் நான் யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன். போலீஸ் வராது. இதை நம்பித் தூங்கு.

ஃபுல்வியா


மோதெனா
26 நவம்பர், இரவு

ஃபுல்வியா அம்மா,

வைத்துவிட்டேன். வைத்த பிறகு உங்கள்மேல் கோபமாகவும் இருந்தது. உங்களுக்கு அது ஒரு வண்டி. எனக்கு அவர் அப்பா.

அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து எண்ணைப் பார்த்தார். இன்று சாயங்காலம் ப்ருசாத்தி வந்து, "செவ்வாய்க்கிழமை பணத்தோட வரேன்" என்றார். அப்பா தலையாட்டினார். ஆட்டியதை நான் பார்த்தேன். இப்போது கீழே தன் நல்ல கோட்டைப் பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை ரயிலாம். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "போய்ட்டு வந்து சொல்றேன்" என்கிறார். மிலானோவுக்கும் காலையில்தான் ரயில்.

நிவெஸ்


திரியெஸ்தே
27 நவம்பர்

நிவெஸ் கண்ணுக்கு,

மதியம் அழைப்புமணி அடித்தது. உன் அப்பா. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, "உங்க வண்டியக் கொண்டுவந்திருக்கேன்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை வந்தது. பிறகு அவர் சிரித்தார், நான் அழுதேன்.

"மறுபடி கட்ட முடியுமா, எர்மெஸ்?"

"முடியும்மா. பக்கத்துல நிறுத்தினா உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. ஆனா அது உங்க வீட்டுக்காரர் தொட்ட வண்டியா இருக்காதே."

எனக்கும் வேறொரு வண்டி வேண்டாம். துண்டை எண்ணோடு வைத்திருந்தால் நான் போன பிறகு எந்த ப்ருசாத்தி கையிலாவது சிக்கும். எனவே லிவியோவின் அரத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். சமையல் மேஜையிலேயே எண்களை ஒவ்வொன்றாக ராவினார். கடைசி எண்ணில் நிறுத்தி அரத்தை என்னிடம் நீட்டினார். "இது நீங்கதான் செய்யணும்." என் கையில் பலமில்லை. காபி ஆறிப்போகும்வரை ராவினேன். துகளை நான் வைத்துக்கொண்டேன். துண்டை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது உன் கணக்கு.

ஃபுல்வியா


மோதெனா
3 டிசம்பர், பகல்

அன்புள்ள ஃபுல்வியா அம்மாவுக்கு,

செவ்வாயன்று ப்ருசாத்தி பையோடு வந்தார். அப்பா துண்டை அவர் கையில் வைத்தார். அவர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்கய்யா?"

"போயிருச்சு."

"பைத்தியமா உனக்கு? ஒரு வீட்டையே ராவித் தள்ளிட்டியே!"

"ஆமா," என்றார் அப்பா. "காபி குடிக்கிறீங்களா?"

குடிக்கவில்லை. போய்விட்டார்.

வீட்டு வாசலில் விற்பனைப் பலகை மாட்டியாயிற்று. திங்கள் முதல் அப்பா வேறொருவர் பட்டறையில் கூலிக்குப் போகிறார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவருக்குப் பிடித்த சூப் வைத்தாள்.

பூட்ஸ் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். "எந்த பூட்ஸ்?" என்று கேட்டு, அதைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார். "குடிச்ச மப்புல நானே வேற யாருக்கோ வித்துட்டேன்னு நெனச்சேன்டி" என்றார். "அத்தனை நாளும் எனக்கே என்னைப் பிடிக்கல."

இதைச் சமையலறையில் விளக்குப் போட்டு எழுதுகிறேன். அப்பா எதிரில் இருக்கிறார். இனிப் பதிலை வீட்டுக்கே அனுப்புங்கள். வீடு மாறினால் புது முகவரி தருகிறேன். கையெழுத்துப் போடச் சொன்னால் வெட்கப்படுகிறார், தாளை மட்டும் நகராமல் பிடித்துக்கொண்டார். ஓரத்திலுள்ள கறுப்பு விரல் தடம் அவருடையது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பட்டறைக் கரி இன்னும் போகவில்லை.

உங்கள்
நிவெஸ்