ஒரு கை மட்டும் அகலமான சட்டை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று பேரும் என்று தைரியமாக எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. போனில் நீ கேட்டபோதெல்லாம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அப்பா தேறிவிட்டார் என்று மட்டும்தான் சொன்னேன், பக்கத்திலேயே அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறென்ன சொல்ல முடியும். இன்று உன் தங்கை அவரை நம் தையல் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யலாம், கத்திரியைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு சட்டையில் ஆரம்பித்தது. கடைத் துணிகளோடு அவர் சட்டையையும் இஸ்திரி போடும்போது பார்க்கிறேன், இடது கை வலது கையைவிட அகலம். அடுத்த சட்டையும் அப்படியே. காலர் பட்டன் நான் தைத்த இடத்தில் இல்லாமல் தள்ளிப் போயிருந்தது. சரிதான், இத்தனை வருடம் கத்திரி பிடித்த மனிதருக்குக் கண் மங்கிவிட்டது, வாடிக்கைக்காரர் துணியை வீணாக்குவதற்குள் கண்ணாடி மாற்றிவிட வேண்டும் என்று நானே முடிவு கட்டி, வரமாட்டேன் என்றவரைத் தரதரவென்று கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். அந்த டாக்டரம்மா மெஷினில் முகவாயை வைத்துக் குனியச் சொன்னார். குனிந்த சற்று நேரத்தில் அப்பாவின் முகம் கன்றிச் சிவந்து கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. டாக்டரம்மா கண்ணை விட்டுவிட்டு, உங்களுக்கு இதயத் துடிப்புக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன். சட்டையைக் கழற்றினால் இடது கை முழுக்க வீக்கம், மார்பில் நீல நரம்பு கொடி மாதிரி ஓடுகிறது. அப்புறம்தான் ஐயா வாயைத் திறந்தார். மாதக்கணக்கில் கை வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது, கழுத்தும்கூட, இவர் தையலைப் பிரித்துப் பிரித்து அகலமாக்கி, காலர் பட்டனைத் தள்ளித் தைத்து நம் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார். வீட்டிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

இதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். பேஸ்மேக்கர் வயர்கள் பெரிய ரத்தக்குழாய் வழியாகத்தான் இதயத்துக்குப் போகுமாம். பேட்டரி மாற்றியபோது பழைய வயரை உள்ளேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள் அல்லவா, அவற்றைச் சுற்றித் தழும்பு வளர்ந்து குழாய் அடைத்துவிட்டது, கையிலிருந்தும் தலையிலிருந்தும் ரத்தம் திரும்பி வர வழியில்லை. பலூனால் விரித்து, மறுபடி மூடாமல் தாங்க ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைக்கலாம், ஆனால் வயர்கள் மேலேயே வைத்தால் அவை அதற்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் நசுங்கி மாட்டிக்கொள்ளும், அதனால் முதலில் வயர்களை உருவ வேண்டும் என்றார். உருவும்போது குழாய் கிழியவும் கூடும், அபூர்வம்தான், கிழிந்தால் அந்த நிமிஷமே நெஞ்சைத் திறக்க வேண்டும் என்பதையும் ஒளிக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா மட்டும் நிதானமாக, "கிழிஞ்சா தைக்கிற ஆளு பக்கத்துலயே இருப்பாங்களா டாக்டர்?" என்று கேட்டார். தயாராக நிற்பார்கள் என்றதும், "அப்ப சரி, ஆரம்பிச்சிடுங்க" என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார், வீடு வந்து சேரும்வரை விடவே இல்லை. இதை உனக்கு எழுதினேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

ஆபரேஷன் அன்று நம் கடையில் பட்டன் தைக்க இருந்த சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஒரே பட்டனைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன், உன் தங்கை பார்த்துவிட்டு ஊசியை வாங்கி வைத்துக்கொண்டாள். டாக்டர் வெளியே வந்து, வயர்கள் முழுசாக வந்துவிட்டன, எதுவும் கிழியவில்லை, ஸ்டென்ட் வைத்து அதன் வழியாகவே புது வயர்களும் போட்டாயிற்று என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது மகனே. மறுநாள் காலையில் முகம் வற்றி, எங்கள் கல்யாணப் போட்டோவில் இருக்கும் கன்ன எலும்பு தெரிந்தது. கை வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு, இடது கையை இப்போதைக்குத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. இத்தனை மாதமாகத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியவர், இப்போது மல்லாந்து படுத்தே தூங்குகிறார், குறட்டை வேறு. சத்தமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே. இன்னொன்று. போன வாரம் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய். ஒன்றுமில்லை என்று இனி இந்தக் குடும்பத்தில் யார் சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை, நீ அசல் உன் அப்பா. டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்குச் சொல். அம்மா தாங்கமாட்டாள் என்று எதையும் மறைக்காதே. ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்ததைத் தாங்கிவிட்டேன், எதுவும் தெரியாமல் அவர் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு இருந்தேனே, அந்த மாதங்களைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

நோய் நொடி இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா