கம்ப்யூட்டர் பல்லைக் கடிக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் இன்றைக்கும் கத்தியது. பத்தரைக்கு ஆரம்பித்தது. நற நற நறவென்று, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற ஆள் மாதிரி. நாங்கள் பல் செட் செய்கிற இடம். "அதுக்கும் பல்லு முளைச்சிருச்சு போல" என்றேன். பாலிஷ் போடுகிற அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கொக்கு மட்டும் சிரிக்கவில்லை.

கொக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டரில் பல் வரைகிறவன். கழுத்தை நீட்டி நீட்டித் திரைக்குள்ளே மீன் தேடுவான், அதனால் நான் வைத்த பேர். அவன் எனக்கு வைத்த பேர் மாவு மில். நான் பிளாஸ்டர் கரைத்து வாய் அச்சு ஊற்றுகிறவள், சாயங்காலத்துக்குள் தலை நரைத்துவிடும். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. அவனிடம் சொல்வேனா?

மார்ச் 5, புதன்

இன்றைக்கு நேராக முதலாளியம்மாவிடமே போய்விட்டான். நான் நாலடி தள்ளி நிற்கிறேன், கிண்ணமும் கையுமாக.

"அம்மா, இவங்க பிளாஸ்டர் தூசி உள்ள போய்த்தான் இந்தச் சத்தம். ஒண்ணு இவங்களப் பின்னாடி அனுப்புங்க, இல்ல அச்சு வேலைய வெளிய குடுத்துருங்க."

வெளிய குடுத்துருங்களாம்! பழைய துணியைப் போடுற மாதிரி.

முதலாளியம்மா திங்கட்கிழமை வரை பார்க்கிறேன் என்றார். அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் என் மேசை பின்கட்டுக்குப் போகும். பின்கட்டில் மூட்டைகளும் ஒரு பல்பும்தான். பத்தொன்பது வருசமாக நான் ஜன்னலோரம். தெருவில் போகிறவர்களில் என்னிடம் ஒரு வார்த்தை வாங்காமல் போகிறவர் கிடையாது. தபால்காரர் மீசைக்கு மை பூசிய அன்று முதலில் சொன்னது நான்தான். அங்க போய் மூட்டையையா கேலி பண்றது?

மார்ச் 6, வியாழன்

சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் வந்தது. அவன் ஒரு முழு வாயைத் திரையில் சுற்றவிட்டால் கூடுகிறது. நிறுத்தினால் குறைகிறது. போய்ச் சொன்னேன்.

"அக்கா, நாலாங்கிளாஸ் படிச்சவங்க கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க வேணாம்."

"நீ அத்தனை கிளாஸ் படிச்சும் மூக்குல கண்ணாடி நிக்க மாட்டேங்குதே தம்பி."

அறையே சிரித்தது. அவன் காது சிவந்துபோனது. மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது.

மார்ச் 7, வெள்ளி

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். "கல்யாணப் பொண்ணு உள்ள இருக்கா?" என்று போர்வையைத் தட்டினேன். கொக்கு போர்வையை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

மார்ச் 8, சனி

கண்டுபிடிச்சுட்டேன். எழுத்தெல்லாம் கோணலாப் போகுது. சிரிச்சு சிரிச்சு.

பாலிஷ் மோட்டாரில் கோளாறு என்றால் நாங்கள் திறந்து பார்க்க மாட்டோம். பிளாஸ்டர் கலக்குகிற கரண்டியின் கட்டைப் பிடியை மோட்டாரில் ஒரு முனை, காதில் ஒரு முனை வைத்துக் கேட்போம். எங்கே நோவு என்று அதுவே சொல்லிவிடும். கொக்கு சாப்பிடப் போனதும் அதே கரண்டியைக் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்தேன். மேலே ஒன்றுமில்லை. பக்கத்திலும் இல்லை. பின்னால் ஃபேன் பக்கம் மெல்லிசாக ஒரு கீச். அடியில் வைத்தேன் பாருங்கள், காதைக் கடித்துவிட்டது.

தரையில் படுத்துப் பார்த்தேன். பெட்டி நாலு வாய் அச்சு மேல் நிற்கிறது! போன மாதம் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர் வந்ததே, அப்போது கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்து முட்டுக்கொடுத்திருக்கிறான் மகராசன். கீழ்த்தாடை மேல் மேல்தாடை, வாயை மூடின மாதிரி, முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. ஃபேன் வேகமாகச் சுற்றினால் பெட்டி ஆடுது, பல்லும் பல்லும் உரசுது. நெசமாவே பல்லைத்தான் கடிச்சிருக்கு.

நான் எதையும் தொடவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் இருப்பார்கள்.

மார்ச் 10, திங்கள்

"அம்மா, சத்தம் உள்ள இல்ல, கீழ இருக்கு. தம்பி கம்ப்யூட்டருக்குப் பல் செட் கட்டி விட்டிருக்காரு."

ஒவ்வொன்றாக உருவினேன். ஒரு ஜோடியைக் கையில் பிடித்து வாய் பேசுகிற மாதிரி ஆட்டினேன். "மாவு மில் தூசி, மாவு மில் தூசி." முதலாளியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மரக்கட்டைகளை வைத்தோம், சத்தம் போச்சு.

அப்புறம் சிரிப்பு நின்றதும் அவனிடம் சொன்னார்: "இனிமே அந்த மெஷினுக்கு என்ன ஆனாலும் உன்னைத்தான் கேப்பேன்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

என் மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அவன் இல்லாத நேரம் கரண்டியை மறுபடி வைத்துப் பார்த்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை. பின்பக்கத்துக் கீச் அப்படியே இருக்கிறது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிளாஸ்டர் தூள் உள்ளே போனால் பாலிஷ் மோட்டாரும் இப்படித்தான் அழும். கொஞ்ச நாளில் இறுகி நின்றுவிடும்.

அப்படின்னா அவன் சொன்னதிலும் பாதி நெசம். என் தூசிதான்.

சொன்னால் பின்கட்டு. சொல்லணுமா? எதுக்குச் சொல்லணும்? நாலாங்கிளாஸ்காரிக்கு என்ன தெரியும்.

மார்ச் 13, வியாழன்

கீச் தடித்துவிட்டது. பாலிஷ் மோட்டார் போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

கொக்கு போர்வையை அவிழ்த்து மடித்து வைத்தான். வாய் வரைக்கும் வந்தது. "தம்பி, அந்தப் பின்பக்கத்தை" என்று ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் அவன் அண்ணனைப் பார்த்து, பேர் சொல்லாமல்: "சிலருக்கு அடுத்தவன் மூஞ்சியில கரி பூசினாத்தான் அன்னைக்குத் தூக்கமே வரும்."

சரி. நல்லா தூங்குறேன். நீயும் தூங்கு.

மார்ச் 17, திங்கள்

காலையில் கீச் இல்லை.

பதினொன்றரைக்குத் திரை கறுத்தது. கருகின வாடை. ரிப்பேர்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். ஃபேன் முழுக்க வெள்ளை வெள்ளையாக இறுகிக் கிடந்தது. உள்ளே இருந்த பல் படம் எதுவும் மிஞ்சாது என்றார். "கொஞ்சம் காதைக் குடுத்துக் கேட்டிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமேங்க."

"நான் அன்னைக்கே தூசின்னு சொன்னேன்மா" என்றான் கொக்கு.

"நீ சொன்னதைத்தான் பாத்தோமே. பல்லு மேல மெஷின நிறுத்தினவன்தானே நீ?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளியம்மா. அவன் என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்தான், திறக்காத டப்பா.

நான் கரைத்த பிளாஸ்டர் கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. பத்தொன்பது வருசத்தில் இப்படி ஆனதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

"என்ன, காலையிலேர்ந்து யாரையும் வாரலையா?" என்றார் அண்ணன். தொண்டை கட்டியிருக்கு என்றேன்.

மார்ச் 24, திங்கள்

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அதே இடத்தில். வரைவதற்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை. என் மேசையைப் பார்த்துவிட்டு, "இந்தத் தூசி மெஷினை ஒண்ணும் பண்ணாதில்ல?" என்று கேட்டாள்.

"அக்கா இருக்க உனக்கென்ன கவலை? உள்ள ஒரு கொசு தும்மினாக்கூட கேட்டுச் சொல்லிடுவாங்க" என்றார் அண்ணன்.

நான் முதலாளியம்மாவிடம் போய் மேசையைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"ஏம்மா, அங்க போக மாட்டேன்னுதானே அன்னைக்கு அந்தக் குதி குதிச்ச?"

"வெயில் கண்ணைக் குத்துதும்மா."

"அந்த ஜன்னல்ல எந்தக் காலத்துல வெயில் வந்துச்சு?"

மேசை மேலிருந்த கிண்ணங்களை எடுத்துக் கீழே வைத்தேன். மேசையின் ஒரு பக்கத்தை அண்ணன் தூக்கினார், ஒரு பக்கத்தை நான்.