முதுகு நோ எண்டு சொன்னது

ஞாயிறு, நவம்பர் 16. ஹம், ஜேர்மனி.

பின்னேரம் மகளோட இருந்து கார்ட்டூன் பார்த்தன். அதில ஒரு கரடிக்கு மனம் சரியில்லை, கட்டிலால எழும்ப ஏலாமல் கிடக்குது. சிநேகிதர் எல்லாம் வந்து கட்டிலடியில பேசாமல் இருக்கினம். ஒரு முயல் சூப் கொண்டு வருது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு லேசோ?

"அப்பா கிளினிக்கில இருக்கேக்க ஏனம்மா ஒருத்தரும் இப்பிடி வரேல்லை?" எண்டு மகள் கேட்டாள்.

வந்தவைதான். அவருக்கு மனநோய், அதுக்குத்தான் கிளினிக்கில வைச்சிருக்கினம் எண்டு வாயால சொல்ல எனக்கு வெட்கம். முதுகு நோ எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சன். சனம் தைலத்தோட வீட்டுக்கு வந்தது. அவர் கிளினிக்கில, பார்க்க விடமாட்டினம் எண்டு பொய் சொல்லி வாசலிலேயே அனுப்பினன். ஆறு போத்தல் தைலம் இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்குது. ஒண்டும் திறக்கேல்லை.

இரவுச் சாப்பாட்டு நேரம், அப்ப தைலத்தோட வந்த ராணி அக்கா ஃபோன் எடுத்தா.

"தம்பிக்கு இப்ப முதுகு எப்பிடியம்மா?"

உண்மையைச் சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை அக்கா" எண்டன்.

பக்கத்தில இருந்த அவர், ஃபோனில அக்காவுக்குத் தன்னைப் பார்க்கேலாது எண்டதையும் மறந்து, கையால முதுகைப் பிடிச்சுக்கொண்டார்.